தங்கச்சியின் பெட்டியில் கள்ளிப்பூ

மதுரையில் வெளிவீதிப் பக்கம் ஒரு தகரப்பெட்டிக் கடை. அங்கே பெட்டிகளுக்குப் பூப்போடுவது என் வேலை. கல்யாணப் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது துணிமணி வைத்துக்கொள்ள ஒரு தகரப்பெட்டி கொடுத்து அனுப்புவது அப்போது வழக்கம். பச்சையோ நீலமோ அடித்த பெட்டி, மூடியின் நடுவில் ஒரு பெரிய ரோஜா, சுற்றிலும் நாலு சின்ன ரோஜா. சீமையிலிருந்து வந்த ஒரு பிஸ்கோத்து டப்பாவின் மூடிதான் எங்களுக்கு மாதிரி. முட்டைக்கோஸ் மாதிரி கொழுத்த அந்த ரோஜா மதுரை ஜில்லாவில் எங்கேயாவது பூத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பதினேழே இழுப்பில் அதைப் போட்டு முடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

கடை முதலாளி பழைய டவுனைச் சேர்ந்த முஸ்லிம், நல்ல மனிதர். பெட்டி வாங்க வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "நம்ம ஆர்ட்டிஸ்ட்" என்று பெருமையடிப்பார். அவர்கள் படியிறங்கியதும் என் பக்கம் திரும்பி, "இலையை ஏன் தம்பி இம்புட்டு நீட்டுனே? டப்பாவப் பாத்துப் போடு" என்பார். அந்த டப்பா மூடியில் இல்லாத எதையும் போடக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய சட்டம்.

எங்கள் வீடு கோச்சடையைத் தாண்டி மேற்கே, நாகமலைப் பக்கம். வைகைத் தண்ணீர் கோச்சடை வயல்களோடு நின்றுவிடும். எங்கள் நிலம் மேடு, செம்மண்ணும் சரளைக்கல்லும். மழை பெய்தால் சோளம் விளையும், பெய்யாவிட்டால் அனல் காற்றில் புழுதி பறக்கும். இருந்த நாலு ஏக்கரில் மூன்று ஏக்கரைச் சப்பாத்திக்கள்ளி பிடித்துக்கொண்டுவிட்டது. வெட்டிப்போட்டால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வேர்விடும். கொளுத்தினால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும். ஐயா அந்தப் புதரைத் திட்டாத நாள் கிடையாது. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், அம்மா எங்களுக்கு ஆத்தா. அவர்கள் இரண்டு பேர், நான், என்னைவிட ஏழு வயது இளைய தங்கச்சி. இவ்வளவுதான் வீடு.

தினமும் சைக்கிளில் டவுனுக்குப் போய்வருவேன். ஒரு பங்குனி மாதக் காலையில் எங்கள் காட்டைத் தாண்டுவதற்குள் முன்சக்கரத்தில் கள்ளிமுள் ஏறிவிட்டது. கெட்ட கோபம் எனக்கு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஐயா திட்டுகிற அத்தனை வார்த்தையும் சொல்லித் திட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். மூன்று ஏக்கரும் பூத்திருந்தது.

பிறந்ததிலிருந்து அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். மஞ்சள் என்று சொன்னால் போதாது. வெயில் இதழுக்குப் பின்னாலிருந்து வந்தது. நடுவில் நூறு நூறாக மெல்லிய நூல்கள், அவற்றுக்குள் ஒரு தேனீ புரண்டுகொண்டிருந்தது. அது புரளப் புரள அந்த நூல்களெல்லாம் உள்பக்கமாக மடங்கி அதை அணைக்கப் பார்த்தன! நம்பமுடியாமல் ஒரு துரும்பை எடுத்து இன்னொரு பூவுக்குள் விட்டுத் தொட்டேன். அங்கேயும் நூல்கள் அசைந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பக்கத்துப் பூவைப் பார்த்தேன், அது முந்தின நாள் பூத்தது போலிருக்கிறது, மஞ்சள் போய் ஆரஞ்சு ஏறி, ஓரத்தில் செம்பு நிறம் பிடித்திருந்தது. ஒரே செடியில், ஒரே மடலில் இத்தனை நிறம். இதை விட்டுவிட்டு யாரோ வெள்ளைக்காரன் தோட்டத்து ரோஜாவையா இத்தனை வருஷம் போட்டுக்கொண்டிருந்தேன் என்று வந்ததே ஒரு ஆத்திரம்! கடைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதவில்லை.

அன்றைக்கே ஒரு கழிவுத் தகரத்தில் அந்தப் பூவை வரைந்து, காய்ந்தும் காயாததுமாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். தங்கச்சி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தகரத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"அண்ணே, இது கள்ளிப்பூ இல்ல. கள்ளிச்செடியில ரோசாப்பூவ ஒட்டவச்சிருக்கீக."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. நிறம்தான் மஞ்சள், இதழ் ஒவ்வொன்றும் அந்தப் பிஸ்கோத்து டப்பா ரோஜாவின் இதழ். பதினேழு இழுப்பு என் கைக்குள் அப்படி உட்கார்ந்துவிட்டது. நினைப்பிலிருந்து எந்தப் பூவைப் போட்டாலும் கை அதை ரோஜாவாக்கிவிடும். செடியைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு போட்டால்தான் தப்பிக்கலாம் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். விடிந்ததும் பொட்டலுக்குப் போய்விடுவேன். ஒருநாள் ஆவாரை, ஒருநாள் எருக்கு. பாறை இடுக்கில் விரல் விரலாக நிற்கும் கள்ளிமுளையானுக்கு உச்சியில் ஊதா நிறப் பூ உண்டு, அதைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும், முகர்ந்தால் ஏன் முகர்ந்தோம் என்றிருக்கும். வேலியில் பிரண்டை, கார்த்திகையில் நெருப்பாகச் செங்காந்தள். தகரத் துண்டுகளில் வரைந்து மாட்டுக்கொட்டகைச் சுவர் முழுக்க மாட்டிவைத்தேன். மழையே பெய்யாத இந்த மேட்டில் இவ்வளவு நிறம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. இடையில் சப்பாத்திக்கள்ளி பூத்து ஓய்ந்துவிட்டது. அதை அடுத்த பங்குனிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்தக் கார்த்திகையில் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை வீடு கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், எங்களைப் போலவே விவசாயக் குடும்பம். வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். பரிசம் போட்டுவிட்டு அவர்கள் போன மறுநிமிஷம் தங்கச்சி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எம்பொட்டிக்கு ரோசாப்பூ வேண்டாம். நம்ம காட்டுப் பூவெல்லாம் போடுங்க. மூடியில கள்ளிப்பூ போடணும்."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதுவரை கொட்டகையில் மாடுகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என் பூக்கள் ஊர் பார்க்க ஒரு பெட்டியில் ஏறப்போகின்றன! அடுப்படியிலிருந்து ஆத்தா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்னடி சொல்றே? கள்ளியா? கல்யாணப் பொட்டியிலயா?"

"பூதானே ஆத்தா?"

"பூவு மட்டுமா இருக்கு, முள்ளு? முள்ளுப் போட்ட பொட்டிய எடுத்துக்கிட்டுப் போனா, வந்தவளே முள்ளா வந்துட்டான்னு முதல் நாளே பேரு வச்சுருவாக. அந்தச் சம்பந்தியம்மா மூஞ்சியப் பாத்தியா? சிரிக்கவே இல்ல. சீரத் திருப்பி அனுப்பிட்டா எந்தக் கெணத்துல விழுறது?"

ஆத்தா சொன்னது சும்மா இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். தாலி கட்டுவதற்கு முன்னால் பெண் கொண்டுவந்த சீரை நடுவில் வைத்து அந்த வீட்டுப் பெண்கள் கூடிப் பார்ப்பார்கள். பெட்டியைத் திறப்பவள் மாமியார். அவள் முகம் சுளித்தால் அங்கேயே பேச்சு வளரும். அப்படி வளர்ந்து நின்றுபோன கல்யாணங்கள் உண்டு.

கடைசியில் ஆத்தா ஒரு வழி சொன்னாள். "சரி, பூவப் போடு. முள்ள மட்டும் விட்டுரு."

"முள்ளு இல்லாம எப்படிக் கள்ளி ஆகும்? அதுக்கு முட்டைக்கோசே போட்டுரலாம்" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு இடம் பொருள் தெரியாது. ஆத்தா கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் மறுவாரம் என்னையே கடையிலிருந்து ஒரு ரோஜாப் பெட்டி கொண்டுவரச் சொல்லி, அதைப் பரணில் ஏற்றிவைத்தாள்.

பூப்போடாத பச்சைப் பெட்டி ஒன்றை முதலாளியிடம் வாங்கிவந்து வேலையைத் தொடங்கினேன். இரண்டு பக்கமும் ஆவாரை, பின்னால் எருக்கு. முன்பக்கத்துக்குக் கள்ளிப்பழம். மார்கழி, தை மாதங்களில் பழம் நிறையக் கிடக்கும். சின்ன வயதில் அந்தப் பழத்தை மண்ணில் புரட்டி முள்ளுதிர்த்து, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துப்போட்டுவிட்டுத் தின்னாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. நாக்கு, உதடு, சட்டை எல்லாம் சிவந்துவிடும். அந்தச் சிவப்புத்தான் எனக்குப் பெரிய தலைவலி. கடையில் இருந்த சிவப்பு செங்கல் நிறம். அதில் நீலம் கலந்தால் அழுகின கத்திரிக்காய் நிறம் வந்தது. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் சர்க்கார் பூச்சி வந்தது. சப்பாத்திக்கள்ளியை மட்டும் தின்னும் ஒரு பூச்சியை விவசாய இலாகாவில் கொடுக்கிறார்கள், அதை விட்ட ஊர்களில் கள்ளி வேரோடு அழுகி விழுகிறது என்று சேதி. ஐயா இரண்டு தடவை ஆபீசுக்கு நடந்தார். இரண்டு தடவையும், "இருக்கறது தீந்துபோச்சு, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு அந்தச் சேதி உள்ளூரக் கலக்கம்தான். பங்குனி வரட்டும், ஒரு பூ, ஒரே ஒரு பூ பார்த்துப் போட்டுக்கொள்கிறேன், அப்புறம் எந்தப் பூச்சி வந்தாலும் வரட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனையூர் பக்கம் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போனேன். அங்கே வரப்போரத்தில் கள்ளி நின்றது, மடலெல்லாம் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாக. "சர்க்கார் பூச்சி இதுதான்" என்றார்கள். ஒரு குச்சியால் அந்த வெள்ளையை நசுக்கினேன். அப்படியே நின்றுவிட்டேன். ரத்தமா அது! ரத்தத்தைவிடச் சிவப்பு. வேட்டி ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். சாட்சாத் கள்ளிப்பழத்தின் நிறம், கொஞ்சம்கூட ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரு மாதமாக நான் தேடிய நிறம் அந்தப் பூச்சியின் வயிற்றில் இருந்தது. என்னை மறந்து கூவினேன். அந்த வரப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பாம்பு கடித்துவிட்டதோ என்று ஓடிவந்தார்கள்.

நாலு மடலை வெட்டிச் சாக்கில் சுருட்டி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பறந்தேன். டவுனில் துணிக்குச் சாயம் போடுகிற ஒருவர், "படிகாரம் சேத்தா நிறம் நிக்கும்ணே" என்று சொல்லிக் கொடுத்தார். பூச்சியைச் சுரண்டி, காயவைத்து, பொடித்து, படிகாரம் சேர்த்து, வடிகட்டிய வண்டலை வார்னிஷில் குழைத்தேன். பெட்டியின் முன்பக்கத்தில் முதல் பழத்தைப் போட்டபோது தங்கச்சி அதை நாக்கால் தொடப் போய்விட்டாள். எனக்கு வானத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. நாலு நாளில் முன்பக்கம் முடிந்தது.

சுரண்டி முடித்த மடல்களை என்ன செய்தேன்? கொட்டகைக்குப் பின்னால், எங்கள் கள்ளிக்காட்டின் ஓரத்தில் எறிந்தேன். குப்பையை அங்கேதான் எப்போதும் எறிவோம்.

மாசி பாதியில் ஐயா கொல்லையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார். "ஏய், வந்து பாருங்க! சாமி கண்ணத் தொறந்துருச்சு!" ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் மடல் எறிந்த இடத்திலிருந்து ஆரம்பித்து, காற்றடிக்கும் பக்கமாக, முக்கால் ஏக்கர் வெள்ளை. எந்தப் பூவுக்காக வருஷம் முழுவதும் காத்திருந்தேனோ அதை என் கையாலேயே தொலைத்திருக்கிறேன். திருடனுக்குக்கூட இவ்வளவு கச்சிதமாக வேலை செய்யத் தெரியாது.

நடந்ததை ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னைக் கட்டிப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கே ஊர் முழுக்கப் போய், "ஆபீசுக்காரன் தரமாட்டேன்னான். எம்மகன் கொண்டாந்துட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் சாக்கோடு வந்தார்கள், எங்கள் காட்டு மடலை வாங்கிப் போனார்கள். போகும்போது என்னைக் கும்பிட்டார்கள். நானும் பல்லைக் காட்டினேன். மூன்று ஏக்கர் திரும்பக் கிடைக்கிறதென்றால் அது எங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியாமலில்லை. ஐயாவின் சந்தோஷம் நியாயமான சந்தோஷம். இருந்தும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கொட்டகையில் போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். தங்கச்சி மட்டும் அதைப் பார்த்தாள்.

பங்குனி வந்தது. பாதிக் காடு சரிந்து கூழாகிவிட்டது, மிச்சம் வெள்ளை படிந்து நின்றது. மொட்டு வைத்த மடல்கள் மொட்டோடு கருகின. பெட்டியின் மூடி வெறும் பச்சையாகக் கிடந்தது. சித்திரை பிறந்ததும் ஐயா, "காஞ்சதக் கொளுத்திட்டு ஒரு உழவு ஓட்டிரணும்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு காலையில் தங்கச்சி என்னை உலுக்கி எழுப்பினாள். "அண்ணே, எந்திரிங்க. பாறைக்கு மேல ஒரு மொட்டு இருக்கு!"

காட்டின் மேற்கு மூலையில் ஒரு பாறை, அதன்மேல் இடுப்புயரக் கள்ளி ஒன்று. கீழ் மடல்களில் பூச்சி ஏறிவிட்டது. உச்சி மடல் மட்டும் பச்சை, அதில் ஒரே ஒரு மொட்டு. பூக்க இன்னும் ஒரு வாரம் ஆகலாம். பூச்சி அதற்குள் மேலே ஏறிவிடும்.

ஐயாவிடம் போய்ப் பத்து நாள் தவணை கேட்டேன். "மூணு ஏக்கரு அழிஞ்சதுக்கு ஊரே சந்தோஷப்படுது, நீ ஒத்தச் செடிக்கு அழுகுறே. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றார். ஆனால் அந்த மூலைக்குத் தீ வைக்கவில்லை.

தங்கச்சி காலையும் மாலையும் பாறைமேல் ஏறி, ஈரத் தேங்காய் நாரால் பூச்சியைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். இண்டு இடுக்கில் விரலால் நசுக்கினாள். முள் குத்தாத விரல் கிடையாது. ஆறு நாளில் அவள் பத்து விரலும் நகக்கண் வரை சிவந்து நின்றன. ஆத்தா அதைப் பார்த்து, "கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு, அதுக்குள்ள யாருடி மருதாணி வச்சுவிட்டது?" என்று கேட்டாள். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினேன்.

ஏழாம் நாள் காலையில் மொட்டு லேசாகப் பிரிந்தது. பெட்டியை நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓடினோம். பாறைக்கு எதிரில் பெட்டியை வைத்து, டப்பாக்களைத் திறந்தேன். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை பூசினால்தான் அந்த வெளிச்சம் வரும் என்று ஏற்கெனவே தகரத்தில் பழகிவைத்திருந்தேன். முதல் இதழை இழுத்தேன்.

"ரோசா வருது!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

துடைத்தேன். மறுபடி இழுத்தேன். "அண்ணே, ரோசா, ரோசா! மடங்குது பாருங்க, விடுங்க, நீட்டுங்க!" கை வளைய ஆரம்பித்தால் போதும், கூச்சல் போட்டுவிடுவாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது, "நீயே போடுடி" என்று தூரிகையை எறிந்தேன். அவள் அதைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, என் கையில் திணித்தாள். "பூவப் பாருங்கண்ணே. பொட்டியப் பாக்காதீக."

பார்த்தேன். பூவையே பார்த்துக்கொண்டு கையை அதன் போக்கில் விட்டேன். எத்தனை இழுப்பு என்று தெரியாது. வெயில் உச்சிக்கு வந்தது, வேர்வை கண்ணில் இறங்கியது. காற்று ஒரு துளிப் பஞ்சுப் பூச்சியைக் கொண்டுவந்து ஈர வார்னிஷில் ஒட்டவைத்தது, எடுக்கப் போனால் பூ கெடும் என்று விட்டுவிட்டேன். பின்னால் வெகுநேரமாகச் சத்தமே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. திரும்பினேன். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வந்துருச்சுண்ணே" என்றாள்.

மறுநாள் அதே பூ ஆரஞ்சாகிச் செம்பு ஏறி நின்றது. அதையும் பக்கத்தில் போட்டேன். மூன்றாம் நாள் மடல், அதன் முள். ஒவ்வொரு கண்ணிலும் எத்தனை பெரிய முள், எத்தனை சின்ன முள் என்று எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன். அன்று சாயங்காலம் உச்சி மடலில் வெள்ளை தெரிந்தது. நானே போய் ஐயாவிடம் தீப்பெட்டியைக் கொடுத்தேன்.

வைகாசியில் வண்டி கட்டினோம். ஆத்தா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் பரணிலிருந்து ரோஜாப் பெட்டியை இறக்கி, துணிகளை அடுக்கி, வண்டியில் ஏற்றிவிட்டாள். தங்கச்சி நான் பூப்போட்ட பெட்டியைத் தூக்கிவந்தாள். வண்டியில் ஏறி, அத்தனை துணியையும் எடுத்துக் கள்ளிப் பெட்டிக்கு மாற்றி, அதை நடு வண்டியில் இழுத்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "என்ன எறக்கிட்டு இத எறக்குங்க" என்றாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு, ஒரு ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து, அவளைச் சற்று எழச்சொல்லிப் பெட்டியை அடி முதல் மூடி வரை போர்த்தினாள். கல்லுப்பட்டிப் பக்கம் போய்ச் சேரும்வரை அந்த ஜமுக்காளம் நகராமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வழியெல்லாம் வெறும் மண். முன்பு வண்டித்தடத்தின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கள்ளி நின்ற பாதை அது. உழுதுபோட்ட புதுமண் வாசனை வந்தது. ஐயா வண்டியோட்டியிடம் ஒவ்வொரு காடாகக் காட்டி, "எல்லாம் பூச்சி, எல்லாம் பூச்சி" என்று குதூகலித்துக்கொண்டு வந்தார். என் பிடிவாதத்தால் இவள் கல்யாணம் கெட்டுப்போனால் நான் எந்த முகத்தோடு திரும்புவேன் என்று அப்போதுதான் முதல் முறையாகப் பயந்தேன்.

மறுநாள் காலை, பந்தலுக்குள் சீரை வரிசையாக வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சம்பந்தியம்மா வந்தாள். சிரிக்காத முகம், கட்டையான உடம்பு, காதில் பாம்படம். குனிந்து ஜமுக்காளத்தை ஒரே இழுப்பில் உருவினாள்.

மஞ்சளும் செம்பும் சிவப்புமாகப் பெட்டி, கீற்றிடுக்கில் விழுந்த வெயிலில் நின்றது. யாரோ ஒருத்தி, "ஆத்தி, கள்ளி!" என்றாள். இன்னொருத்தி, "முள்ளு வேற" என்றாள். ஆத்தா என் முழங்கையைப் பிடித்து நெரித்தாள். தங்கச்சி மணக்கோலத்தில் தலை குனியாமல் நின்றாள்.

சம்பந்தியம்மா பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முன்பக்கம் வந்து, குந்தி உட்கார்ந்து பழங்களைப் பார்த்தாள். எழுந்து மூடியைப் பார்த்தாள். பெரிய முள்ளுக்கு அடியில் மயிர் மாதிரி நான் போட்டிருந்த சின்ன முட்களுக்கு நேராக விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"இந்தச் சுணை முள்ளக்கூட விடலையே" என்றாள். பிறகு சட்டென்று பெட்டிமேல் கையூன்றி, ஒரு காலைத் தூக்கிக் குதிகாலைக் காட்டினாள். "இந்தா பாருங்கடி. பஞ்சத்துல புள்ளைகளுக்குப் பழம் பறிக்கப்போயி ஏறுனது. இன்னும் உள்ளதான் கெடக்கு."

அவ்வளவுதான். ஒருத்தி முழங்கையைக் காட்டினாள், ஒருத்தி உள்ளங்கையை, ஒரு கிழவி கெண்டைக்காலை. ஆளாளுக்கு எந்த வருஷம், எந்த வேலி, எத்தனை பழம் என்று ஒரே சத்தம். என் ஆத்தா, இத்தனை நாள் முள் ஆகாது முள் ஆகாது என்று கரைந்தவள், முன்னால் போய்த் தன் கட்டைவிரலை நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். துடைக்கவும் தோன்றவில்லை.

"யாரு போட்டது இது?" என்று சம்பந்தியம்மா கேட்டாள்.

ஐயா முந்திக்கொண்டு என்னை முன்னால் தள்ளினார். "எம்மகன்தேன். எங்க பக்கம் அம்புட்டுக் காட்டுக்கும் பூச்சியக் கொண்டாந்து கள்ளிய அழிச்சதும் இவந்தேன்!"

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அழிச்சதும் நீதானா?"

"ஆமாங்க" என்றேன்.

அவள் பெட்டியை இன்னொரு முறை பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் முறையாக அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப இனி இது ஒண்ணுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பாத்துத் தூக்குங்கடி. சாமி ரூம்புல வைங்க."